இரண்டாவது வாரத்தை நம்பாதே

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் அதில் சேராது, அது எங்களோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ அம்மாவிடம் நாற்பது நிமிஷம் பேசுகிறாய், கடைசியில் அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்கிறாள், நான் கையில் வாங்கும்போது உனக்கு வேலை வந்துவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, குழாய்க்காரர் மூன்று முறை வந்து மூன்று வேறு காரணங்கள் சொல்லிவிட்டுப் போனார். மேல்வீட்டுக்காரர் தன் சைக்கிளை இன்னும் நம் வாசல் சுவரில்தான் சாத்துகிறார், ஒன்பது வருஷமாக நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தானாக உணரட்டும் என்று இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குப் புதிதாக இரண்டு மேசை வந்திருக்கிறது, இரண்டும் ஆடுகின்றன. துறைத்தலைவர், நான் வீட்டில் ரப்பர் ஸ்டாம்ப் என்று சொல்வேனே அவர், ஆடாத பழைய மேசையைத் தன் அறையில் போட்டுக்கொண்டார். என்னைவிட ஆறு வருஷம் இளையவர், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிற கோணமானியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நான்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். அதை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

உன் நாவலின் பிரதி ஈமெயிலில் வந்து சேர்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அம்மா பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள், நான் சிவப்புப் பென்சிலை எடுத்ததும், பொண்ணு கதைக்கு மார்க் போடப் போறீங்களா, பாவம், பாஸாவது போட்டு விடுங்க என்றாள். கதையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, கோட்டையும் முற்றுகையும் ஏழு மலைக்கு அப்பாலிருந்து வரும் படையும் எனக்குப் பழக்கமில்லாத சரக்கு. நீ கேட்டது காயங்களைப் பற்றி, அதைச் சொல்கிறேன். முதலாவது, உன் போரில் எல்லோருக்கும் தோளிலேயே அடிபடுகிறது. நான் எண்ணினேன், படித்தவரையில் பதினொரு பேர். தோள் என்பது அடிபடுவதற்கு வசதியான இடம் என்று உனக்கு யார் சொன்னார்கள் தெரியவில்லை, கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கற்றையும் அந்த வழியாகத்தான் போகின்றன, அங்கே வாள் இறங்கினால் ஒன்று ஆள் போய்விடுவான், அல்லது கை துணிப்பை மாதிரி தொங்கும். இரண்டாவது, காவலாளியின் தலையில் தடியால் அடிக்கிறார்கள், அவன் ஒரு மணி நேரம் நினைவில்லாமல் கிடந்து, எழுந்து, தலையைத் தடவிவிட்டுக் குதிரையேறித் துரத்துகிறான். அரை மணி நேரம் நினைவு தப்பியவன் எழுந்தவுடன் செய்கிற முதல் வேலை வாந்தி. பிறகு இன்று என்ன கிழமை என்று நான்கு முறை கேட்பான். வெளிச்சம் பட்டால் எரிந்து விழுவான், அது வாரக்கணக்கில் ஓடும், அவன் மனைவிதான் வீரப்பதக்கம் வாங்க வேண்டும். மூன்றாவது, தொடையில் பாய்ந்த அம்பை அந்த இளவரசன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கி எறிகிறான். அம்பு முனைக்கு முள் உண்டு, பிடுங்கினால் உள்ளே போனபோது கிழித்ததைவிட வெளியே வரும்போது அதிகம் கிழிக்கும். அவனை அப்படியே படுக்க வைத்துக் கட்டுப் போடு, அம்பு இருக்கிற இடத்தில் இருக்கட்டும். விலா உடைந்த தளபதி அவ்வளவு பெரிய உரை ஆற்றுகிறாரே, அவரால் இருமக்கூட முடியாது. அவரைச் சிரிக்க வைக்க ஒரு கோமாளியை அனுப்பினால் எதிரிக்கு அதுவே போதும்.

இதெல்லாம் சில்லறை, நீயே திருத்திவிடுவாய். பெரிய தப்பு வேறு. உன் கதையில் அடிபடுவதற்கு மூன்று பக்கம் இருக்கிறது, ஆறுவதற்கு ஒரு வரி. சில நாட்களில் தேறினாள் என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறாய். இருபத்தாறு வருஷமாக நான் வேலை செய்வது அந்த ஒரு வரிக்குள்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் உறைக்கிறது. ஆறுவது என்பது வலி இல்லை, குட்டி, வலியைப் பற்றி எல்லோரும் எழுதிவிடுவார்கள், ஆறுவது என்பது சலிப்பு. படுத்தே இருக்கிறவனுக்குப் புண்ணைவிட முதுகு அரிக்கும். இரண்டு வாரம் படுத்தால் தொடை கரைந்துபோகும், முழங்காலுக்கு மேலே நான்கு விரற்கடை விட்டு நான் டேப் வைத்து அளப்பேன், நல்ல காலுக்கும் கெட்ட காலுக்கும் இரண்டு விரல் அகலம் வித்தியாசம் காட்டும், ஆள் நம்பமாட்டான், டேப்பைக் குறை சொல்வான். வலது கையில் கட்டுப் போட்ட ஆளுக்கு இடுப்புக் கயிற்றை யார் அவிழ்த்துவிடுவது, மூத்திரச் சட்டியை யார் பிடிப்பது, உன் கோட்டையில் அப்படி ஒருத்தர்கூட இல்லை. கட்டுத்துணியைத் துவைக்கிறவர் இல்லை. மூன்றாம் நாள் ஜுரம் இல்லை, சீழ் இல்லை, வாடை இல்லை. போன வாரம் எங்கள் பிரிவுக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார், கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தவர், விபத்து எப்படி நடந்தது என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார், பக்கத்துக் கட்டில்காரர் தன் மிக்சர் பொட்டலத்தில் பாதியைத் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்பதை மட்டும் இருபது நிமிஷம் சொன்னார். காயம்பட்டவர்களின் உலகம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். அதை எழுது. உன் வைத்தியரையும் கொஞ்சம் மாற்று. வெள்ளைத் தாடியும் கருணைக் கண்ணுமாக, எந்தப் பக்கத்து வீரன் வந்தாலும் ஒரே மாதிரி மருந்து வைத்து ஒரே மாதிரி பேசுகிறார். மருந்து ஒரே மாதிரி வைக்கலாம். ஒரே மாதிரி பேசுகிற வைத்தியரை நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

உன் முக்கியமான கேள்வி படைத்தலைவியின் கை. கோட்டை வாசலில் தன்மேல் இறங்கும் வாளை வெறுங்கையால் பிடித்துக்கொள்கிறாள், உள்ளங்கை குறுக்கே வெட்டுப்படுகிறது, பதினைந்தாம் நாள் அதே கையில் வாளேந்தி முற்றுகையை உடைக்கிறாள். பதினைந்து நாளில் முடியுமா அப்பா, முடியாதென்றால் எத்தனை நாள், புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். முடியாது. உள்ளங்கையில் ஆழமாக வெட்டினால் விரலை மடக்குகிற தசைநார் அறும். அறுந்த நார் ரப்பர் மாதிரி சுருங்கி மேலே ஓடிவிடும், தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும், தைக்காவிட்டால் அந்த விரல் இனி மடங்காது. உன் வைத்தியருக்குப் பட்டுநூலும் மந்திரமும் தெரியும் என்று வைத்துக்கொள், உன் உலகம், உன் இஷ்டம். ஆனால் மந்திரம் தையலோடு நிற்கட்டும். தைத்த பிறகு நான்கு வாரத்துக்கு அந்தக் கை எதையும் பிடிக்கக் கூடாது, எட்டு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் வாள். இதில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. முதல் வாரம் வீக்கமும் வலியும் இருப்பதால் ஆள் தானாகவே கையைப் பொத்தி வைத்துக்கொள்வான். இரண்டாவது வாரத்தில் வீக்கம் வடியும், மேலே தோல் சேர்ந்துவிடும், தையல் பிரித்துவிடுவார்கள், பார்ப்பதற்குக் கை சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே நார் அப்போதுதான் மிகவும் இளகி இருக்கும், முதல் நாளைவிட மோசம். அந்த வாரம் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கினால் போதும்.

உன் சித்தப்பாவுக்குக் கையில் அடி என்று அம்மா சொல்லியிருப்பாள், கண்ணாடி கிழித்துவிட்டது, ஆபரேஷன் ஆயிற்று, தேறிக்கொண்டிருக்கிறார் என்று, நீ உன் படைத்தலைவியைத் தேற்றியது மாதிரி ஒரு வரியில். மிச்சத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் அதை அம்மாவும் முழுதாக உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் தன் சட்டம் போடும் கடையில் ஒரு படத்துக்காகப் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றைச் சுவரிலிருந்து எடுத்திருக்கிறார், அது நழுவியது, இவர் பிடிக்கப் போனார். விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, விலகு என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, முப்பது வருஷம் அதே வேலை செய்கிறவர் கையை நீட்டினார். எது விழுந்தாலும் தாங்கிப் பிடிப்பது அவர் சுபாவம், அதன் பலனை நம் வீடு ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. வலது கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும், இரண்டுக்கும் நார் போய்விட்டது. அவர் கண்ணாடி அறுக்கிற வைரமுனையைப் பிடிப்பதே அந்த இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில்தான்.

நானும் அவரும் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது அரைகுறையாகத் தெரியும், அப்போது உனக்குப் பரீட்சை. தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்து சித்தப்பா வீட்டில் இருந்தார், அது தரைத்தளம் என்பதால். நான் ஒரு அட்டவணை போட்டேன். இரண்டாம் நாளே எழுந்து நிற்க வேண்டும், முதல் வாரம் காலையில் இருபது அடி, மாலையில் இருபது அடி, அதற்கப்புறம் தினமும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். நான் தினமும் போய் நடக்க வைத்தேன், தாத்தா அழுதார், அழட்டும் என்று நடக்க வைத்தேன். நான் வேலைக்குப் போனதும் சித்தப்பா, பாவம் எண்பது வயசாச்சு, இன்னும் எதுக்கு அவரை இந்தப் பாடு படுத்தணும் என்று ஒரு சக்கர நாற்காலியை வாங்கிப் போட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய் உட்கார வைத்தார். சாயங்காலம் நான் போய்க் கேட்டால் நடந்தாச்சு என்று இருவரும் சேர்ந்து பொய் சொன்னார்கள். ஒரு மாதத்தில் கால் மடங்கவில்லை, இரண்டாம் மாதம் முதுகில் புண், அப்புறம் நெஞ்சில் சளி கட்டியது, ஐந்தாம் மாதம் போய்விட்டார். அதைக்கூட விட்டுவிடுவேன். துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு உன் சித்தப்பா, அண்ணன் அப்பாவைப் பட்டாளத்துல சேர்த்த மாதிரி விரட்டினார், நானாவது கடைசி காலத்துல அவரை நிம்மதியா வச்சிருந்தேன் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவன்தான், அந்த வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அன்பால் ஒரு மனிதரைக் கொல்ல முடியும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருக்கிறது. நார் தைத்தவர்கள் நான்காம் நாள் எங்களிடம் வருவார்கள். கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, இரண்டாவது வாரம் நல்லா இருக்கும், அப்பத்தான் நம்பக் கூடாது என்று நான் சொல்வேன். அதை அவர்கள் தங்கள் வாயால் மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடமாட்டேன். ஒரு போலீஸ்காரர், என்ன சார் என்னைச் சின்னப் பிள்ளையாக்கிட்டீங்க என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே மூன்று முறை சொல்லுங்கள் என்றேன். இதைப் பத்து வருஷத்துக்கு முன்னால் நான்தான் தொடங்கினேன், அதுவரை அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்புவோம், அதற்கப்புறம் எங்கள் பிரிவில் தைத்த நார் அறுந்து வந்தவர்கள் மிகக் குறைவு. ரப்பர் ஸ்டாம்ப் இதை ஒரு கூட்டத்தில் தன் யோசனையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். நான்காம் நாள் உன் சித்தப்பா வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கைக்கான சிகிச்சை தெரிந்தவன் அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான், வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது. வெந்நீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக் தகட்டை அவர் கைக்கு அளந்து வெட்டினேன், மணிக்கட்டு சற்று மடங்கியிருக்கும்படி விரல் நுனிவரை புறங்கைப் பக்கமாகக் கையை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் செய்து, ஓரமெல்லாம் தேய்த்து மழுக்கி, பட்டை போட்டேன். நான் செய்ததிலேயே அது நல்ல ஸ்பிளின்ட், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் முதலில், எப்படி இருக்க அண்ணா என்றார். நான் கோணத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அலமாரியிலிருந்து பழைய அச்சுத்தாள் ஒன்றைத் தேடி எடுத்து மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினேன். அதில் எல்லாம் இருக்கிறது, இரண்டாவது வாரத்தைப் பற்றியும் ஏழாவது வரியில் இருக்கிறது. அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை, நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். பதிவேட்டில் அறிவுரை வழங்கப்பட்டது என்று ஒரு கட்டம் உண்டு, அதில் டிக் அடித்தேன்.

பதின்மூன்றாம் நாள் ஒருவர் கல்யாணப் படத்தை வாங்க வந்திருக்கிறார். கை நல்லாத்தானே இருக்கு என்று இவர் ஸ்பிளின்டைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டம் போட்ட படத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்திருக்கிறார். உள்ள ரப்பர்பேண்ட் அறுந்த மாதிரி ஒரு சத்தம், வலிகூட இல்லை என்று பிறகு சொன்னார், படத்தைக் கீழே போடாமல் மெதுவாக வைத்துவிட்டுத்தான் கையைப் பார்த்தாராம். மறுநாள் சித்தியோடு வந்தார். நடுவிரல் தப்பித்துவிட்டது. மற்ற விரல்களை மடக்கச் சொன்னேன், மடக்கினார், ஆள்காட்டி விரல் மட்டும் நேராக நீட்டிக்கொண்டு நின்றது, நான் உட்கார்ந்திருந்த பக்கமாக. சர்ஜன் வந்து பதிவேட்டைப் புரட்டி, அறிவுரை குடுத்திருக்கே, அப்புறம் ஏன்யா தூக்கினீங்க என்று அவரைத் திட்டினார். அவர், தப்பு என்னுது டாக்டர், அண்ணன் எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு என்றார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அம்மா அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள், அந்தத் தாளை அவர் படிக்கவே இல்லை. நான் கொடுத்த அன்று வீட்டுக்குப் போனதும் சித்தியிடம் கொடுத்து, அண்ணன் குடுத்தது, பத்திரமா வை என்றாராம், சித்தி அதைப் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள். பத்திரமாக வைப்பதற்கா கொடுத்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே, ஊர்ல வர்றவன் போறவன்கிட்டல்லாம் மூணு தடவை சொல்லச் சொல்வீங்களே, இவர் சொன்னாரா என்று கேட்டாள். தாளில் இருந்தது என்றேன். நான் தாளைக் கேட்கலை என்றாள். அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டாள், அன்றிலிருந்து எனக்குக் காபி மேசையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து தைத்தார்கள். இரண்டாவது முறை தைப்பது முதல் முறை மாதிரி இல்லை, நார் நைந்திருக்கும், குட்டையாகியிருக்கும், சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதுவும் அறுந்தா இனிமே நான் தைக்க மாட்டேன், விரல் அப்படியே நின்னுடும், அவர் தொழிலை மறந்துட வேண்டியதுதான் என்றார். போன வியாழக்கிழமை அவருக்கு நான்காம் நாள். நான் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்துக்கப்புறம் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, கையை மேசைமேல் வை என்பதுதான். பிறகு வாக்கியத்தைச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவர் ஒரு முறை சொன்னார், இரண்டாம் முறை சொன்னார், மூன்றாம் முறை பாதியில் நிறுத்திவிட்டு, இது எல்லாருக்கும் சொல்றதா என்றார். எல்லோருக்கும் என்றேன். போன தடவை எனக்குச் சொல்லலையே என்றார். இல்லை, சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றேன். அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பாவுக்கு எதுக்கு நடக்கணும்னு என்னையும் இப்படி உக்கார வச்சு ஒரு தடவை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே அண்ணா, நீ வந்து சுவத்துல பேப்பரைத்தானே ஒட்டிட்டுப் போன என்றார். படுத்தே இருந்தா செத்துப்போவாருன்னு எனக்குத் தெரியாது, வலிக்குதுன்னு அழறாருன்னு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது என்றார். அவர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாக நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். படித்தவன் எழுதி ஒட்டினால் படிக்காமல் இருப்பது யார் குற்றம் என்று கேட்க வாய்வரை வந்தது. துக்க வீட்டில் அவர் சொன்னதையும் நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. ஆனால் இந்த மூன்று முறை சொல்ல வைக்கிற வழக்கத்தை நான் எந்த வருஷம் தொடங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன், தாத்தா போன மறுவருஷம். ஏன் தொடங்கினேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மூன்றாவது முறையை முழுதாகச் சொல் என்றேன். சொன்னார். பதிவேட்டில் பழைய பக்கத்துக்குத் திரும்பி, அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வழங்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். இதை வைத்து ரப்பர் ஸ்டாம்ப் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார், இருபத்தாறு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் துருப்புச் சீட்டு, ஆசையாக விளையாடட்டும்.

உன் படைத்தலைவிக்கு வருகிறேன். முற்றுகையை மூன்று மாதத்துக்கு நீட்டு, கோட்டைக்குள் தானியம் எவ்வளவு என்பதை நீ பார்த்துக்கொள். நீட்ட முடியாதென்றால் அவள் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் வரைபடத்தைக் காட்டி ஆணையிடட்டும், வாளை வேறு யாராவது தூக்கட்டும், அது அவளுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பதிலேயே உனக்கு இரண்டு அத்தியாயம் இருக்கிறது. உன் வைத்தியருக்கு அவள்மேல் ஒரு பழைய கோபம் இருக்கட்டும். கட்டு ஒழுங்காகப் போடட்டும், மருந்தை ஒழுங்காக வைக்கட்டும், சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் விடட்டும். யாரும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவருக்குத் தெரிந்தால் போதும். இரண்டாவது வாரம் அவள் கை நன்றாக இருப்பதாக அவளுக்குத் தோன்றும், வாசலில் ஏதாவது சத்தம் கேட்கும், எழுந்து வாளை எடுக்கப் போவாள். அந்த வாரம் முழுக்க அவள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்குப் பிடித்தவராக இருந்தால் பாவம் பார்த்து விட்டுவிடுவார், ஆகவே பிடிக்காதவராக இருப்பது நல்லது.

நாளைக் காலையிலிருந்து உன் சித்தப்பாவுக்கு இரண்டாவது வாரம். சித்தி கடையைப் பார்த்துக்கொள்ளும்போது அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, யாராவது வந்து ஒரு படம் கேட்டால் மனிதர் கையை நீட்டிவிடுவார். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் போய் உட்காரப் போகிறேன், காலையிலிருந்து சாயங்காலம்வரை. பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, உன் நாவலின் மிச்சம் நூறு பக்கத்தையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அம்மாவிடம் சொன்னேன், இன்று காபி வந்தபோது ஆளும் வந்து எதிரே உட்கார்ந்தாள். லீவு தாளில் காரணம் எழுத ஒரு வரி இருக்கிறது. உறவினர் என்று முதலில் எழுதினேன், அதை அடித்தேன், என் தம்பிக்குக் கை சரியில்லை என்று எழுதினேன். அந்தச் சொல்லை நான் எழுதிப் பதினோரு வருஷம் ஆகிறது, எழுத்துப்பிழை இல்லாமல்தான் வந்தது.

நீ நல்லபடியாக இரு, நினைத்ததை எழுதி முடி, உன் கையும் கண்ணும் உனக்குக் கடைசிவரை உழைக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். அரை மணிக்கு ஒரு முறை தட்டச்சை நிறுத்தி மணிக்கட்டை மேலும் கீழும் பத்து முறை மடக்கு, தாளில் எழுதியதோடு விடமாட்டேன், அடுத்த முறை போனில் நீ அதை வாயால் எனக்குச் சொல்ல வேண்டும், மூன்று முறை. இந்த வாரம் பகலில் போன் செய்தால் சித்தப்பா வீட்டு எண்ணுக்குச் செய், எடுப்பது நானாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் படைக்கு வைத்தியம் பார்த்து முடிக்காத
அப்பா